‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதை வீட்டில் விட்டுவிட்டு கேதார்நாத் போவது எப்படி?

உங்கள் கேள்வி இது: மே கடைசியில் சென்னையிலிருந்து கேதார்நாத், பத்ரிநாத். நீங்கள், மனைவி, 64 வயது அப்பா (பிரஷர், சுகர் இரண்டும் உண்டு), 60 வயது அம்மா. மொத்தம் பத்து நாள். போன தடவை காசிக்கு நாலு பேருக்கு ஏழு பை தூக்கிப்போய் அவதிப்பட்டீர்கள். இந்தத் தடவை சாமான் குறைய வேண்டும். ஆனால் மலையில் போய் ‘அடடா, அதை எடுத்துவராமல் விட்டோமே’ என்று நிற்கவும் கூடாது.

நான் மூன்று முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை என் முதுகுப்பை பதினான்கு கிலோ. ஏழு சட்டை வைத்திருந்தேன், நாலு சட்டையின் மடிப்புகூடக் கலையாமல் வீடு திரும்பியது. அவ்வளவு தூக்கிப் போயும் தேவைப்பட்ட ஒன்று கையில் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் வீடுகளில் பை வீங்குவதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம்: ‘எதுக்கும் இருக்கட்டும்.’ இந்த வாக்கியத்தைச் சொல்லி உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் பிடித்து நிறுத்தி இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே காசு கொடுத்தால் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், கிடைக்கும் வரை காத்திருக்க முடியுமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் அந்தப் பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். சோப்பு, பேஸ்ட், எண்ணெய், பிஸ்கட், கம்பளிக் குல்லா, கைத்தடி எல்லாம் ஹரித்வாரிலோ சோன்பிரயாகிலோ கிடைக்கும். அப்பாவின் சுகர் மாத்திரை அதே பெயரில் கிடைக்காது. மழைக்கோட்டு கிடைக்கும், ஆனால் மழை வந்தபின் தேடிப்போகும் வரை காத்திருக்க முடியாது. ஆக, மாத்திரையும் மழைக்கோட்டும் உள்ளே, சோப்பு வெளியே. இப்படிப் பிரித்துக்கொண்டே வந்தால் பாதி சாமான் தானாகக் கழிந்துவிடும்.

அடுத்தது, பையை இரண்டாகப் பிரிப்பது. இதைச் செய்யாதவர்கள்தான் கேதார்நாத் பாதையில் கஷ்டப்படுகிறார்கள். வண்டி சோன்பிரயாகோடு நின்றுவிடும். அங்கிருந்து 5 கிலோமீட்டர் ஷேர் ஜீப்பில் கௌரிகுண்ட். கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்குச் சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3,583 மீட்டரில் முடிகிறது. 2013 ஜூன் வெள்ளத்தில் ராம்பாடா என்ற ஊரே போனது. பழைய பாதையும் அடித்துக்கொண்டு போனதால், இப்போது அந்த இடத்தில் மந்தாகினியைத் தாண்டி எதிர்க்கரை வழியாக ஏற வேண்டும். பழைய 14 கிலோமீட்டர் கூடியது அதனால்தான். இந்த ஏற்றத்துக்குப் பத்து நாள் சாமானையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. மேலே தங்கப்போவது ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு.

அதனால் பெரிய பையை குப்தகாசியிலோ சீதாபூரிலோ, கீழே எங்கே தங்குகிறீர்களோ அந்த விடுதியிலேயே விட்டுவிடுங்கள். கேட்டால் வைத்துக்கொள்வார்கள், இது அங்கே வழக்கம். மேலே போவது ஆளுக்கு ஒரு சின்ன முதுகுப்பை மட்டும்: உங்களுக்கும் மனைவிக்கும் தண்ணீரோடு சேர்த்து 4 கிலோ. அப்பா அம்மா முதுகில் ஒன்றும் வேண்டாம், இடுப்பில் கட்டும் சின்னப் பை போதும். அவர்கள் குதிரையிலோ டோலியிலோ போனாலும் அப்படித்தான். ஹெலிகாப்டரில் போவதாக இருந்தால் ஆளுக்கு 2 கிலோ சாமான்தான் விடுவார்கள், ஆகவே அந்த எண்ணத்திலேயே பிரித்துவையுங்கள்.

துணி விஷயம்தான் எல்லோரும் சொதப்பும் இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பயணத்தில் குளிர் மட்டும் பிரச்சினை இல்லை. மே கடைசியில் டெல்லியிலும் ஹரித்வாரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும். இரண்டு நாள் கழித்து கேதார்நாத் ராத்திரியில் வாளித் தண்ணீரில் கைவைக்க முடியாது. வெயிலுக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட் என்று எடுத்தால் பை இரட்டிப்பாகும். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வதுதான் வழி. உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் வழக்கமான சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர் அல்லது ஃபிலீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒரு மேல்கோட்டு. துணிகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அதனால் தடிமனான ஒரே ஜெர்கினைவிட மெல்லிய மூன்று அடுக்கு நன்றாகவே காக்கும். ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தடித்த ஜெர்கினைக் கழற்றினால் குளிரும், போட்டால் வேகும், கையில் தூக்கினால் வலிக்கும்.

நமக்குப் பழக்கம் பருத்தி. ஊரில் அதுதான் சுகம், மலையில் அது எதிரி. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், நடப்பதை நிறுத்தியதும் முதுகில் ஐஸ் வைத்தமாதிரி இருக்கும். அதனால் உள்பனியன் முதற்கொண்டு பாலியெஸ்டர் கலந்தது, சீக்கிரம் காய்வது நல்லது. ஜீன்ஸ் தயவுசெய்து வேண்டாம். ஒரு ஜீன்ஸ் அரைக்கிலோவுக்கு மேல். நனைந்தால் ஒரு நாள் முழுக்கக் காயாது. அந்த எடையில் இரண்டு டிராக் பேண்ட் வந்துவிடும்.

பத்து நாளுக்கு எத்தனை? மூன்று செட். உடுத்தியிருப்பது ஒன்று, துவைத்துக் காய்வது ஒன்று, பையில் ஒன்று. உள்ளாடை மட்டும் நாலு, காலுறை நாலு ஜோடி. ‘பத்து நாளுக்கு மூன்றா?’ என்று அம்மா கேட்பார்கள். ராத்திரி துவைத்ததும் அந்த ஈரத்துணியைத் துண்டின்மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோல் சேர்த்துச் சுருட்டி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். மூன்று மீட்டர் நைலான் கயிறும் நாலைந்து ஊக்கும் இருந்தால் அறையிலேயே கொடி கட்டலாம், காலையில் காய்ந்திருக்கும். கேதார்நாத்தில் மட்டும் துவைக்காதீர்கள், அந்தக் குளிரில் எதுவும் காயாது.

அம்மா புடவைதான் கட்டுவார்கள் என்றால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஜார்ஜெட் மாதிரி மெல்லிய சிந்தெடிக் புடவை மூன்று, உள்ளே காலை ஒட்டிய தெர்மல் பேண்ட். கால் முழுக்கக் குளிர் தாங்கும், வெளியே தெரியாது. ஏறும் நாளில் மட்டும் சுடிதார் போட ஒப்புக்கொண்டால் நல்லது. சாணியும் சேறுமான வழியில் புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பது சிரமம், ஒரு கை அதற்கே போய்விடும். பட்டுப்புடவை வேண்டாம். சந்நிதியில் நிற்கும்போதும் அம்மா ஸ்வெட்டரும் சால்வையும் போர்த்திக்கொண்டுதான் நிற்கப்போகிறார்கள்.

துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டர்க்கி டவலை வீட்டிலேயே வைத்துவிட்டு ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு எடுங்கள். கைக்குட்டைபோல் மடங்கும், உதறிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். துவட்ட, தலையில் கட்ட, கழுத்தைச் சுற்ற, ஜீப்பில் தலைக்கு வைக்க, துணி முறுக்க, எல்லாவற்றுக்கும் அதே துண்டுதான்.

இரண்டாம் பயணத்தில் அது ஷூ லேஸாகவும் ஆனது. கூட வந்த என் மாமாவின் ஷூ ஐந்து வருஷம் பரணில் கிடந்தது. பார்வைக்குப் புதுசு, அட்டைப்பெட்டிகூடப் பிரியவில்லை. பீம்பலி தாண்டி ஒரு வளைவில் வலது ஷூவின் அடிப்பாகம் முன்னாலிருந்து வாய் பிளந்தது. பத்தடி போனதும் இடதும் பிளந்தது. சில ஷூக்களின் நடுவே இருக்கும் ஸ்பாஞ்சு மாதிரியான பாகம், போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் உளுத்துப்போகும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். மாமா பாறையில் உட்கார்ந்து ‘சிவ சிவா’ என்றார். நான் துண்டை நீளவாக்கில் நாலாகக் கிழித்து, ஒவ்வொரு ஷூவிலும் முன்னால் ஒரு கட்டு, நடுவில் ஒரு கட்டு போட்டேன். அந்தக் கட்டோடு லிஞ்சோலி வரை ஏறினார், அங்கே ஒரு கடையில் கேன்வாஸ் ஷூ கிடைத்தது. ஆகவே ஷூ புதிதாகவும் வேண்டாம், பரணிலிருந்தும் வேண்டாம். இப்போதே வாங்கி, ஒரு மாதம் தினமும் அரைமணி நேரம் போட்டு நடந்த ஷூ வேண்டும். விடுதியில் போட ஒரு ரப்பர் செருப்பு, காலுக்கு அவ்வளவுதான். நனைந்த ஷூவுக்குள் பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்துவைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும்.

இனி மருந்து. எடையில் கஞ்சம் பிடிக்கவே கூடாத இடம் இது ஒன்றுதான்.

முதல் பயணத்தில் கையில் இல்லாமல்போன பொருள் என்று சொன்னேனே, அது அப்பாவின் பிரஷர் மாத்திரை. பத்து நாளுக்குக் கணக்காக எடுத்து, பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைப் பெரிய பையில் வைத்திருந்தோம். பெரிய பை குப்தகாசியில், நாங்கள் கேதார்நாத்தில். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா ‘மாத்திரை குடுடா’ என்றபோதுதான் உறைத்தது. என் முதுகில் ஏழு சட்டை, அதில் ஒரு பாக்கெட்டிலும் மாத்திரை இல்லை. அங்கிருந்த மருத்துவ முகாமுக்கு ஓடினேன். டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டார். நான் பிராண்ட் பெயரைச் சொன்னேன், அதுவும் பாதிதான் நினைவிருந்தது. வீட்டுக்கு போன் போடலாம் என்றால் சிக்னல் இல்லை. அவர் பிரஷர் பார்த்து, பொறுமையாகக் கேட்டு விசாரித்து ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த இருபது நிமிஷத்தில் எனக்கு ஏறிய பிரஷர் அப்பாவுக்கு ஏறியிருக்காது.

அதிலிருந்து நான் செய்வது இது. பத்து நாள் பயணம் என்றால் பதினைந்து நாள் மாத்திரை. அதை இரண்டு பாதியாக்கி, ஒன்று அப்பாவின் இடுப்புப் பையில், இன்னொன்று என் பையில். பெரிய பையில் எதுவும் கிடையாது. பட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டு கூடவே இருக்க வேண்டும். டாக்டர் சீட்டை நகல் எடுத்து, ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் அதன் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதிவாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர் பிராண்ட் ருத்ரபிரயாக் மெடிக்கலில் இல்லாமல் இருக்கலாம், மூலப்பெயர் தெரிந்தால் அதே மருந்தை வேறு பெயரில் தருவார்கள்.

அப்பா இன்சுலின் போடுபவரா என்று நீங்கள் சொல்லவில்லை. போடுபவர் என்றால், விமானத்தில் அதை செக்-இன் பையில் போடாதீர்கள், கையிலேயே வையுங்கள். மேலே ராத்திரியில் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், உருகியபின் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சுகர் பார்க்கும் மிஷினும் கடுங்குளிரில் தப்பாகக் காட்டும், அதையும் உள்பாக்கெட்டில் வையுங்கள்.

உயரத்தைப் பற்றி: கேதார்நாத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இதற்குத் தயாராவது பொருளால் அல்ல, நாளால். ஹரித்வாரிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடாமல், குப்தகாசிப் பக்கம் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குங்கள். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கத் தரும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஐம்பது, அறுபது கிராம்தான், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று வந்தால் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கீழே இறங்க வேண்டும். கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று பாதையில் ஆளுக்கொரு பொட்டலம் வைத்திருப்பார்கள். மூக்கு குளுகுளுவென்று இருக்கும், வேறு பலன் இல்லை. விமானத்தில் கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துப்போகக் கூடாது. பூஜைக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மற்றபடி மருந்துப் பையில் காய்ச்சல் மாத்திரை, ஓஆர்எஸ் ஆறு பாக்கெட், வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் டாக்டர் எழுதித் தருவது, பஞ்சு, பிளாஸ்திரி, வலித்தைலம். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் பழைய கண்ணாடி ஒன்று கட்டாயம். அதை வழியில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சாப்பாட்டுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. ரயிலில் போனால் டெல்லி வரை இரண்டு ராத்திரி, ஒரு முழுப்பகல். முதல் நாளுக்குப் புளியோதரை, அவ்வளவுதான் கட்டுசாதம். மலையில் ஆலு பராட்டா, ரொட்டி, தால், மேகி எங்கும் கிடைக்கும். நாலாம் நாள் அப்பா ‘ஒரு வாய் சோறு’ என்பார். அதற்குப் பருப்புப்பொடி கால்கிலோ போதும். சோறு அங்கே கிடைக்கிறது, நெய்யும் கிடைக்கிறது. அரிசி, குக்கர், மின்சார அடுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் உடனே தடுத்துவிடுங்கள். ஊறுகாய் எண்ணெய் கசிந்து மூன்று செட்டில் ஒரு செட் போனால் மிச்சம் இரண்டுதான், ஞாபகம் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலும் நிறுத்துவார்கள்.

எடை இல்லாத தயாரிப்பு ஒன்று உண்டு, அதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்: காகிதம். யாத்திரைப் பதிவு கட்டாயம். அந்தச் சீட்டை அச்செடுத்து இரண்டு நகல் வையுங்கள், ஆதார் அசலும் நகலும் கூடவே. போனில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், போனை உள்சட்டையில் வைத்து, சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டால் தாங்கும். குடும்பத்துக்கு 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று போதும். விமானத்தில் அது கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பையில் கூடாது. அப்புறம், அப்பா, அம்மா இரண்டு பேர் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு: பெயர், தங்கியிருக்கும் விடுதி, உங்கள் நம்பர், என்ன நோய், என்ன மருந்து. இதை இந்தியில் எழுதியிருக்க வேண்டும். கூட்டத்தில் தொலைந்த ஒரு தமிழ்ப் பெரியவர், வாயைத் திறந்து எதையும் சொல்ல முடியாமல் ராம்பாடாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தை இரண்டு பேரிடம் பிரித்து, ரொக்கமாகவே வையுங்கள். சிக்னல் போனால் ஜிபேயும் போகும். கூடவே இரண்டு நாள் கூடுதல் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் அல்ல, இது கட்வால் ஸ்ரீநகர்) ருத்ரபிரயாகுக்கும் நடுவே சிரோபகட் பக்கம் மண் சரிந்து மணிக்கணக்கில் வண்டிகள் நிற்பது சகஜம். பதினைந்து நாள் மாத்திரை என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிராலி வேண்டாம். காலியாகவே மூன்று கிலோ, மலையூர்ப் படிக்கட்டில் சக்கரம் உருளாது. முதுகில் மாட்டும் 40 லிட்டர் பை தம்பதிக்கு ஒன்று, ஆக இரண்டு. மேலே ஏற 20 லிட்டர் பை இரண்டு. உள்ளே ஒரு பெரிய குப்பைக் கவரை விரித்து அதற்குள் துணியை அடுக்குங்கள், பை நனைந்தாலும் துணி நனையாது. விமானத்தில் பொதுவாகக் கையில் 7 கிலோ, செக்-இன் 15 கிலோ. இந்தக் கணக்கில் உங்கள் நாலு பேர் சாமான் அதில் பாதிகூட வராது.

குடையா, மழைக்கோட்டா என்ற கேள்விக்கு: மழைக்கோட்டுதான், அதுவும் முதுகுப்பையையும் சேர்த்து மூடும் போன்ச்சோ. மேட்டில் மத்தியானத்துக்கு மேல் மழையும் ஆலங்கட்டியும் சொல்லாமல் வரும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், எதிரே வரும் குதிரைக்காரர் கண்ணிலும் குத்தும். கௌரிகுண்டில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு இரண்டாவது மணி நேரத்தில் அக்குளில் கிழியும். கிழிந்த கோட்டுகள் பாதை நெடுகக் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால் உங்களுக்கே வாங்க மனசு வராது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் கட்டி, அந்தச் சின்னப் பையை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஐந்து முறை ஏறி இறங்குங்கள். மூன்றாவது முறையிலேயே எதை எடுத்து வெளியே வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படிக் காலியாகும் இடத்தை வேறு எதையும் வைத்து நிரப்பாதீர்கள். திரும்பும்போது அம்மா ஹரித்வாரில் சீல் வைத்த கங்கைச் சொம்பு வாங்குவார்கள், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து.